ஆற்றுவாயில் எடுத்த தண்ணீர்

மகனே,

ஸலாம். உன் கடிதம் வந்து ஒன்பது நாளாகிறது. நலம் விசாரிக்கிற வேலையை உன் உம்மா தன் கடிதத்தில் செய்துகொள்வாள். எனக்கு அதற்குப் பொறுமையில்லை. உனக்கும் இல்லை என்பது உன் முதல் வரியிலேயே தெரிந்தது. கொழும்பில் உன் அலுவலகத்தில் ஒரு பழைய கோப்பைத் தூசு தட்டி உன் மேசையில் வைத்திருக்கிறார்கள். நம் கரையோர ஊர்களுக்குக் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் ஒன்று அமைக்கிற திட்டம். திறந்து பார்த்தால் உள்ளே உன் வாப்பாவின் கையெழுத்து. கடல்நீரின் உப்பளவு, ஒரு முழு வருடத்துக்கு, இரண்டு கிழமைக்கு ஒரு தடவை, நீல மையில், கோடு போட்ட தாளில். "வாப்பா, எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு" என்று எழுதியிருந்தாய். மேலதிகாரியிடம் கொண்டுபோய்க் காட்டினாயாம். அவருக்கும் நெஞ்சு நிறைந்ததாம். இனிப் புதிதாக ஒரு வருடம் அளந்துகொண்டிருக்கத் தேவையில்லை, அளந்த மனிதர் உயிரோடுதான் இருக்கிறார், "இவை சரியானவை" என்று அவரிடம் ஒரு துண்டு எழுதி வாங்கிவிட்டால் அடுத்த மாதமே அறிக்கையை உன் பெயரில் முடித்துவிடலாம் என்று இருவரும் சேர்ந்து தீர்மானித்தீர்கள். உன் உம்மா அந்தக் கடிதத்தைத் தெருவில் ஆறு வீட்டுக்கு வாசித்துக் காட்டினாள். நான் துண்டு எழுதவில்லை. இதை எழுதுகிறேன். இது உன் கைக்கு வரும்போது நீ என்மேல் கோபமாக இருப்பாய்; இருந்துகொள்.

அந்த எண்கள் பொய். சுற்றி வளைக்காமல் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், நீ பாதியில் கடிதத்தை மடித்து வைத்தாலும் இந்த ஒரு வரி கண்ணில் பட்டிருக்க வேண்டும். முதல் ஆறு எண்களும் நான் அளந்தவை, ஆனால் கடலை அளந்தவை இல்லை. மீதி எல்லாம் நான் வீட்டில் கதிரையில் இருந்து எழுதியவை. மின்விசிறிக்குக் கீழே, தேநீர் குடித்துக்கொண்டு.

நீ அப்போது மட்டக்களப்பில் போர்டிங்கில் நின்று படித்தாய், அதனால் ஊரில் நடந்த கூத்து உனக்குத் தெரியாது. சூறாவளி அடித்த மறுவருடம். கடற்கரைத் தெருக் கிணறுகளில் பாதி சவர் தட்டிப் போயிருந்தன. சோறு உப்புக் கரித்தது, தேநீரில் பால் திரிந்தது, துவைத்த சாரன் காய்ந்ததும் மடிப்பில் வெள்ளை பூத்தது. பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மேற்கே வயலோரக் கிணறுவரை நடந்தார்கள். உன் உம்மாவும்தான் நடந்தாள், காலையில் ஒரு தடவை, பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு தடவை. ஆண்கள் என்ன செய்தோம் என்று கேட்கிறாயா? கமிட்டி போட்டோம்.

கமிட்டிக்குத் தலைவர் மஜீது முதலாளி. மூன்று வருடம் சவுதியில் எவனுக்கோ குழாய் பொருத்திவிட்டு வந்தவர். வந்திறங்கிய நாளில் இருந்து கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல், கசெற் றேடியோவை ஒரு குழந்தையைப் போலக் கையில் வைத்துக்கொண்டு திரிந்தவர். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு பள்ளி முற்றத்தில் நின்று சத்தம் போட்டார்: "அங்க மழையா பெய்யுது? ஆறா ஓடுது? கடலத்தான் குடிக்கிறாங்க! மெசின் வெச்சிரிக்கான், இந்தப் பக்கம் கடல் போகுது, அந்தப் பக்கம் தேன் மாதிரித் தண்ணி வருகுது. நமக்கிட்ட கடல் இல்லையா?" சனம் வாயைப் பிளந்தது. கடல் நமக்கிட்டயும் இருந்தது, அதை யாரும் மறுக்க முடியவில்லை. செயலாளர் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர். சீல் குத்துகிற சத்தம் கேட்காமல் அந்த மனிதருக்கு நித்திரை வராது; கமிட்டிக்குத் தண்ணீர் வருவதற்கு முன்பே சீல் வந்துவிட்டது. கடிதத் தலைப்பு வந்துவிட்டது. அதில் ஒரு நீர்க்குழாயும் ஒரு பிறையும். மூன்றாவது ஆள் நான். ஊரில் விஞ்ஞானம் படிப்பிக்கிற ஒரே பட்டதாரி மாஸ்டர், பள்ளிக்கூட ஆய்வுகூடத்தின் திறப்பு என் சட்டைப்பையில். அந்த இருவரையும் நான் எவ்வளவு இளக்காரமாகப் பார்த்தேன் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை, என் முகம் உனக்குத் தெரியும். ஆனாலும் கூட்டத்துக்குப் போனேன், ஒன்றைக்கூட விடாமல்.

இரண்டாம் கூட்டத்துக்கு வயல்பக்கத்தில் பெரிய காணிக்காரரான போடியார் ஒருவர் வந்தார். சேற்றுக் காலோடு வந்து கதவடியில் நின்றார். "என்ட காணி மூலையில நல்ல ஊத்து இரிக்கி. கோடையிலயும் வத்தாது. பெரிய கிணறு ஒண்டு வெட்டி, பம்ப் ஒண்டு வெச்சி, கடக்கரைத் தெருவுக்குப் பைப் இழுங்களன். காணிய நான் பள்ளிக்கு வக்பு பண்ணித் தருமமாத் தாறன்" என்றார். இந்த ஊரில் அதற்கு முன்னும் பின்னும் தண்ணீரைப்பற்றி யாராவது பேசிய அறிவுள்ள பேச்சு அதுதான். மஜீது முதலாளி கறுப்புக் கண்ணாடிக்குள்ளால் அவரைப் பார்த்து, "போடியார், கடலே வரப்போகுது. கிணறு என்னத்துக்கு?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அதிகம் சிரித்தது நான். சிரித்ததோடு விடவில்லை, எழுந்து கரும்பலகையில் படம் போட்டு, கடல்நீரை அழுத்தி ஒரு மெல்லிய சவ்வின் வழியே பிழிந்தால் உப்பு இந்தப் பக்கம் நின்றுவிடும், தண்ணீர் மட்டும் அந்தப் பக்கம் போகும், உப்பு எவ்வளவு அதிகமோ அவ்வளவு பலமாக அழுத்த வேண்டும் என்று அரை மணித்தியாலம் விளக்கினேன். ஒரு சஞ்சிகையில் வாசித்தது. போடியார் கடைசிவரை நின்று கேட்டுவிட்டு, "அல்லாஹ் நாடினா நல்லது மாஸ்டர்" என்று சொல்லிப் போனார். அந்த மூலைக் காணியை அவருடைய மக்கள் பிறகு மண் கொட்டி நிரவி, இப்போது அதில் நெல் குற்றுகிற மில் நிற்கிறது.

இனி இடம் பார்த்த அழகைக் கேள். நம் கரை முழுவதும் கரைவலைப் பாடுகளாகப் பிரிந்து கிடக்கிறது, உனக்குத் தெரியும். இந்தத் தென்னையில் இருந்து அந்த மீன்வாடிவரை ஒரு குடும்பம் வலை இழுக்கும், அதற்கு அங்கால் அடுத்த குடும்பம். எந்தப் பாட்டில் குழாயை இறக்கினாலும் அந்தக் குடும்பம் கத்தியோடு வரும், மற்றக் குடும்பங்கள் ஏன் எங்களிடம் கேட்கவில்லை என்று அதைவிடப் பெரிய கத்தியோடு வரும். இதை யோசித்து யோசித்துக் கமிட்டி கண்டுபிடித்த இடம் ஆற்றுவாய். அங்கே ஒருவரும் வலை இழுப்பதில்லை. சண்டை வராத இடம் என்கிற ஒரே காரணத்துக்காக ஒரு இயந்திரத்துக்கு இடம் தெரிந்தெடுத்த ஆட்கள் உலகத்தில் நாங்கள் மட்டும்தான் இருப்போம். ஏன் அங்கே ஒருவரும் வலை இழுப்பதில்லை என்று எங்களில் ஒரு அறிவாளிகூடக் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை, எல்லாருக்கும் தெரிந்ததுதானே. கோடையில் அந்த வாயை மண் மூடிவிடும், நடந்து கடக்கலாம். மாரியில் மேற்கே வயல் வெள்ளத்தில் மூழ்கத் தொடங்கியதும் விவசாயிகள் மண்வெட்டியோடு வந்து அந்த மண்திட்டை வெட்டி விடுவார்கள். வெட்டிய அன்றில் இருந்து கோடை தொடங்குகிற கச்சான் காற்றுக் காலம்வரை ஊர் வயல் தண்ணீர் முழுவதும் அந்த வழியால் கடலுக்குள் பாயும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். தெரிந்துகொண்டே மூன்று பேரும் சீல் குத்தி அதைத் தீர்மானமாக எழுதினோம்.

கொழும்பில் ஒரு வெளிநாட்டுக் கொம்பனியின் ஆள் இருந்தான். அவன் ஒரு படிவம் அனுப்பினான். நிலையம் நீரை உறிஞ்சப்போகிற இடத்தில், இரண்டு கிழமைக்கு ஒரு தடவை, ஒரு வருடத்துக்குக் கடல்நீர் எடுத்து உப்பளவு பார்க்க வேண்டும் என்று அதில் இருந்தது. நான் தொடங்கியது மாரியில், ஆற்றுவாய் வெட்டி நாலாம் நாள். போத்தலைக் கையில் எடுத்துக்கொண்டு சாரனை மடித்துக் கட்டி இடுப்பளவு தண்ணீரில் இறங்கினேன். தண்ணீர் தேநீர் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது, வைக்கோல் துண்டு மிதந்து வந்து காலில் ஒட்டியது. கரையில் இஸ்மாயில் காக்கா வலை காயப்போட்டுக்கொண்டு நின்றார். அடுத்த பாட்டுக்காரர். "என்ன மாஸ்டர் அள்ளுறீங்க?" என்று கேட்டார். கடல்நீர் என்றேன். அவர் வலையைப் போட்டுவிட்டு வந்தார். "இது கடத்தண்ணி இல்ல மாஸ்டர். ஆத்துத் தண்ணி. வாய் மூடினத்துக்குப் பொறகு வந்து அள்ளிப் பாருங்க, நாக்குல வெக்க ஏலா. கடத்தண்ணி வேணுமெண்டா சென்னா நான் தோணியில கொண்டு போறன்." அவருக்கு நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன், படி: "நீங்க எத்தினாம் வகுப்பு மட்டும் படிச்ச, காக்கா?" அவர் திரும்பி வலைக்குப் போனார். நான் போத்தலை மூடிக்கொண்டு சைக்கிளில் ஏறிப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

பரிசோதனை சுலபம், நீயும் செய்திருப்பாய். அளவிக் குழாயில் சில்வர் நைத்திரேற்று, கீழே குடுவையில் கடல்நீர், மஞ்சள் நிறம் செங்கல் நிறமாக மாறுகிற துளிவரை விட வேண்டும். அந்த வருடம் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கென்று வந்த சில்வர் நைத்திரேற்றை எல்லாம் நான் கமிட்டிக்குச் செலவழித்தேன். அவர்கள் செய்முறையைக் கரும்பலகையில் பார்த்துப் பரீட்சை எழுதினார்கள். விரல் நுனியெல்லாம் கறுத்துப் போய்விட்டது, கேட்டவர்களுக்கெல்லாம் காட்டினேன். கடலில் இருக்க வேண்டிய உப்பில் பாதிகூட அந்தப் போத்தலில் இல்லை. புத்தகத்தில் எழுதியிருந்த அளவு என் கண்ணுக்கு முன்னால் இருந்தது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? எங்கள் கடல் விசேஷமான கடல் என்று நினைத்தேன். ஆறு தடவையும் அப்படித்தான் வந்தது, ஆறு தடவையும் அப்படியே நினைத்தேன். ஒரு விஞ்ஞான மாஸ்டர் இதை எழுதிக் கொடுக்கிறேன், வைத்துக்கொள்.

அந்த மாரியிலேயே கொம்பனியின் நிபுணன் வந்தான். தலையில் தொப்பி, முழங்காலுக்கு மேலே காற்சட்டை. மாலை போட்டோம். மருதமுனையில் நெய்த சாரன் ஒன்று பரிசு கொடுத்தோம், அதைத் தோளில் துவாய் போலப் போட்டுக்கொண்டான். நாங்கள் ஆறு பேராகச் ஒரே பெரிய சஹன் தட்டைச் சுற்றி இருந்து சாப்பிட, அவனுக்குத் தனிப் பீங்கான், தனிக் கரண்டி. அவன் வட்டிலப்பத்தை மட்டும் இரண்டு தடவை வாங்கினான். ஆற்றுவாய்க்குக் கூட்டிப்போனோம். ஒரு கை அள்ளி நாக்கில் வைத்தான், துப்பினான், என் தாளைப் பார்த்தான், சிரித்தான். இவ்வளவு உப்புக் குறைந்த கடலை நான் கண்டதில்லை, சிறிய இயந்திரமே போதும், சவ்வும் மெல்லியது போதும் என்றான். நான்தான் மொழிபெயர்த்தேன். மஜீது முதலாளி என் முதுகில் அடித்த அடி இன்னும் நினைவிருக்கிறது. ஏழு கடல் தாண்டி வந்த ஒருத்தன் வைக்கோல் மிதக்கிற தண்ணீரைக் கடல் என்று நம்பினான். அவனை நம்பி நாங்கள் அதைக் கடல் என்று நம்பினோம். இஸ்மாயில் காக்கா தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவரை ஒருவரும் கூப்பிடவில்லை.

பங்குனி வந்தது, கச்சான் வீசியது, வாய் மூடியது. ஏழாவது போத்தலை எடுக்க நான் மண்திட்டைத் தாண்டி அந்தப் பக்கம் அலையில் இறங்கினேன். ஆய்வுகூடத்தில் அளவி முழுவதும் ஊற்றி முடிந்தது, நிறம் மாறவில்லை. மறுபடியும் நிரப்பினேன். இரண்டாவது அளவி பாதியைத் தாண்டியதும்தான் செங்கல் நிறம் வந்தது. முதல் ஆறு எண்ணையும்விட இரண்டு மடங்குக்கு மேல். புத்தகத்தில் இருந்த அதே அளவு. பரிசோதனையை மூன்று தடவை செய்தேன், மூன்று தடவையும் அதுதான். கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். இஸ்மாயில் காக்கா சொன்னது சரி, நிபுணன் சொன்னது பிழை, இயந்திரம் பிழை, சவ்வு பிழை, இடம் பிழை என்று அப்போதே எனக்கு முழுவதும் தெரிந்துவிட்டது. நீ இதை நன்றாக வாசி. தெரியாமல் செய்த ஆறு எண்ணுக்கு என்னை முட்டாள் என்று சொல்லலாம். அதற்குப் பிறகு எழுதிய எண்களுக்கு வேறு சொல் இருக்கிறது.

அன்று பின்னேரம் கூட்டம். ஏழாவது எண்ணைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் போனேன். போனால் மேசையில் கொம்பனி அனுப்பிய வரைபடம் விரித்துக் கிடக்கிறது. இயந்திர அறை, தாங்கி, காரியாலயம். காரியாலயத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை, அதற்குப் பிரதம இரசாயனவியலாளர் அறை என்று பெயர். மஜீது முதலாளி மேசைக்குக் கீழே குனிந்து ஒரு பலகையை எடுத்தார். கல்முனையில் கொடுத்து எழுதுவித்திருந்தார். வெள்ளைப் பலகை, கறுப்பு எழுத்து, என் பெயர், பெயருக்குப் பின்னால் என் பட்டம், கீழே அந்தப் பதவி. "மாஸ்டர், கட்டடம் எழும்பும் நாள் இத நீங்கதான் கதவுல அடிக்கணும்" என்றார். நான் இருபது வருடம் வகுப்பறையில் சுண்ணாம்புத் தூள் சுவாசித்தவன். என் பெயரை அப்படி எழுதி நான் அதற்கு முன் கண்டதில்லை. எழுத்தைத் தடவிப் பார்த்தேன், மை இன்னும் முழுதாகக் காயவில்லை. சட்டைப்பையில் இருந்த தாளை வெளியே எடுக்கவில்லை. கறுப்புக் கண்ணாடிக்காரனையும் சீல் குத்துகிறவனையும் கேவலமாகப் பார்த்த நான், ஒரு முழப் பலகைக்கு விலை போனேன். அடுத்த கிழமை ஏழாவது எண்ணையும், பிறகு தவணை வர வர மீதி எண்கள் எல்லாவற்றையும், முதல் ஆறோடு ஒத்துப் போகிற மாதிரி, ஆனால் மிகவும் ஒத்துப் போகாத மாதிரி, கவனமாகக் கூட்டிக் குறைத்து எழுதினேன். நீ பார்த்து நெஞ்சு நிறைந்தது அந்தக் கவனத்தைத்தான்.

அந்தப் பலகையை உனக்குத் தெரியும். கிணற்றடியில் நீ சவர்க்காரம் வைத்துக் குளித்த பலகை அது. கவிழ்த்துப் போட்டிருந்ததால் எழுத்தை நீ பார்த்ததில்லை.

பிறகு கொம்பனிக்கும் அரசாங்கத்துக்கும் கடிதங்கள் போயின, கடிதங்கள் வந்தன, வருடங்கள் போயின. எண்பத்துமூன்று ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு கொம்பனிக்காரன் எழுதுவதை நிறுத்தினான். ஊரில் எல்லாரும் "நாட்டு நிலமை சரியில்ல, அதான் வரல்ல" என்றார்கள். நானும் சொன்னேன். அதைச் சொல்லும்போது எனக்கு உள்ளே எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஆட்கள் வீடு இழந்து, உயிர் இழந்து ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், என் பொய் அகப்படாமல் போய்விட்டது என்று நான் ஆறுதல்பட்டேன். என்னை நினைத்து எனக்கே அருவருப்பாக இருக்கிறது. அதை உன் முன்னால் எழுதுவது அதைவிடக் கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

உன் கடிதத்தை உம்மா ஆறாவது வீட்டில் வாசித்து முடித்து வந்தபோது அவளிடம் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டாள், சுளகை நிறுத்தவில்லை. முடிந்ததும், "அப்ப நான் இவ்வளவு காலம் சொமந்த தண்ணியெல்லாம் ஒங்கட பலகைக்கா?" என்று கேட்டாள். நான் அப்படி இல்லை, நாட்டு நிலைமையும்தான் என்று தொடங்கினேன். "அந்தக் கதைய விடுங்க. அந்தப் போடியார் கிணறு தாறன் எண்டு வந்தாரெண்டு எனக்கு இண்டைக்கித்தான் தெரியும்" என்றாள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவள் முழங்காலை நீ போன பெருநாளுக்கு வந்தபோது பார்த்தாய்தானே, வைத்தியர் வயது என்றார். இரண்டு நாள் தேநீரை மட்டும் வைத்துவிட்டுப் போனாள். மூன்றாம் நாள் வந்து நின்று, "புள்ளக்கி நீங்க எழுதுறீங்களா, நான் எழுதட்டா?" என்றாள்.

எழுதுவதற்கு முன் இஸ்மாயில் காக்காவைப் பார்க்கப் போனேன். வாடிக்குள் மகன்மார் கிழிந்த வலையைப் பொத்த, அவர் ஓரமாக இருந்தார். கண் ஒன்றில் பூ விழுந்திருக்கிறது. பத்து வருடத்துக்கு முன் இப்படி ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்றேன். "அப்பிடியா சென்னீங்க? எனக்கு நினைவில்ல மாஸ்டர்" என்றார். பிறகு, என்னை ஆறுதல்படுத்துவதற்காக, "ஒங்களப் போல எத்தின பேர் செல்லிரிக்காங்க. ஒவ்வொண்டையும் மனசில வெச்சா வலை இழுக்க ஏலுமா?" என்று சிரித்தார். நான் பத்து வருடமாகப் பெரிய பாவம் என்று சுமந்துகொண்டு திரிந்தது அந்த மனிதருக்குக் கிழமைக்கு ஒரு தடவை நடக்கிற சங்கதி. படித்தவன் வாயில் இருந்து அவருக்கு வேறு எதுவும் வந்ததே இல்லை. பால் விடாத பிளேன்ரீ ஒன்று குடித்துவிட்டு வந்தேன், மண்ணில் சைக்கிள் உருளவில்லை, தள்ளிக்கொண்டுதான் வந்தேன்.

இப்போது உன் விஷயம். உன் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: "ஊராக்களுக்கு இதெல்லாம் விளங்காது வாப்பா, நாமதான் செய்து குடுக்கணும்." உன் உம்மா அதைப் பெருமையாக வாசித்தாள். அது உன் வரி இல்லை, என்னுடையது. மேசையில் சாப்பிட இருந்து தெருவில் போகிற ஒவ்வொருவனையும் நான் நக்கல் அடித்ததைக் கேட்டுத்தான் நீ வளர்ந்தாய். அதில் நீ என்னைவிடக் கெட்டிக்காரன். நான் இடுப்பளவு தண்ணீரிலாவது இறங்கினேன். நீ கொழும்பில் ஒரு குளிர் அறையில் இருந்துகொண்டு, கரைக்கு ஒருநாள்கூட வராமல், துண்டுக் கடதாசியில் கடலை அளக்கப் பார்த்தாய். உனக்கு ஐந்து வருடம் பல்கலைக்கழகத்தில் என்னதான் படிப்பித்தார்கள்? அந்த எண்ணைப் பார்த்ததும், கடலில் இவ்வளவு குறைய உப்பு இருக்க முடியாதே என்று ஒரு நிமிடம் தோன்றவில்லையா? தோன்றியிருக்கும். வாப்பாவின் கையெழுத்து என்று விட்டிருப்பாய், அடுத்த மாதம் அறிக்கை முடிய வேண்டும் என்று விட்டிருப்பாய். நான் எங்கள் கடல் விசேஷமான கடல் என்று விட்ட மாதிரி.

அந்த எண்களை வைத்து நிலையம் கட்டினால் என்ன நடக்கும் என்று நானே சொல்கிறேன். மாரியில் நன்றாக ஓடும், திறப்புவிழாவும் மாரியில்தான் வைப்பீர்கள். வாய் மூடியதும் உறிஞ்சுகிற குழாயை மண் அடைக்கும். மண்ணைத் தோண்டி எடுத்தால் அந்தப் பக்கம் நிற்கிற உப்புக்கு உன் இயந்திரத்தின் அழுத்தம் காணாது. கோடையில், கிணறுகள் சவர் ஏறி, சனம் குடத்தோடு உன் வாசலில் வரிசையாக நிற்கிற மாதத்தில், அது நின்றுவிடும். அப்போது ஒருவரும் என் பெயரைச் சொல்ல மாட்டார்கள். அறிக்கையில் இருப்பது உன் பெயர். நான் பயப்பட்டது அதற்குத்தான், உன் முகத்துக்கு நேரே உன்னை எவ்வளவு ஏசினாலும் நீ எனக்கு ஒரே பிள்ளை.

ஏழாவது போத்தலின் எண் எழுதிய பழைய கொப்பி என்னிடம் இருந்தது. அதை நான் உனக்கு அனுப்பவில்லை. உன் மேலதிகாரிக்கு அனுப்பினேன், நாலு நாளைக்கு முன், பதிவுத் தபாலில், ஆங்கிலத்தில் ஒரு பக்கக் கடிதத்தோடு. அதில் போடியாரும் இல்லை, பலகையும் இல்லை. எந்த எண் பொய், எந்த எண் உண்மை, பொய்யை எழுதியவன் யார், கடல்நீர் எங்கே எடுக்க வேண்டும், தோணியில் கொண்டுபோகக் கூடியவர் யார் என்பது மட்டும் இருக்கிறது. முதலில் உனக்கு எழுதியிருந்தால் நீ என்ன செய்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். வாசித்துவிட்டு அறைக் கதவைச் சாத்துவாய். வாப்பாவுக்கு வயது போய்விட்டது, மனம் தடுமாறி எழுதுகிறார் என்று உனக்கு நீயே சொல்வாய். கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போவாய். அங்கே உனக்கும் ஒரு பலகை எழுதி வைத்திருப்பார்கள்.

இது உன் கைக்கு வரும் முன்பே அவர் உன்னைக் கூப்பிட்டு, என் கடிதத்தை மேசையில் போட்டு, இது உனக்கு முன்பே தெரியுமா என்று கேட்டிருப்பார். தெரியாது என்று சொல்லியிருப்பாய். உன் முகத்தைப் பார்த்ததும் நம்பியிருப்பார், ஏனென்றால் அது உண்மை. நீ அப்படிச் சொல்லக் கூடியதாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அவருக்கு முதலிலும் உனக்குப் பிறகும் எழுதினேன்.

வாப்பா